தெரு தைத்த உடை

ஓசூரிலிருந்து இராயக்கோட்டைக்குப் போகும் சாலையில் இருக்கிறது உத்தனப்பள்ளி. அதைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு திருவிழா இரவில் கூடுகிற கூட்டம் ஒரே மொழி பேசும் கூட்டமாக இருப்பதில்லை. வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள், கன்னடம் பேசுபவர்கள், உருது பேசுபவர்கள், தமிழ் மட்டுமே அறிந்தவர்கள், ஆலை வேலைக்காக வடக்கிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்கள் என்று எல்லோரும் ஒரே தெருவில் நிற்கிறார்கள். ஆட வருகிறவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, தான் யார், எதற்காக வந்திருக்கிறேன் என்பதை இத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் தெரிவித்துவிட வேண்டும். அந்த வேலையைச் செய்வது அவருடைய உடை. தெருவில் ஆடுகிறவரின் உடையைத் தூரம், வெளிச்சம், தரை, கூட்டத்தின் மொழி ஆகிய நான்கும் சேர்ந்து அளவெடுத்துத் தைக்கின்றன என்பது இந்தக் கட்டுரையின் வாதம். நான்கில் ஒன்று மாறினாலும் உடை மாறும்; மாறியும் ஆக வேண்டும். ஆகவே அந்த உடையைப் பற்றிப் பேசும்போது பழையதா புதியதா என்பதும், கண்ணியமானதா ஆபாசமானதா என்பதும் முதல் கேள்விகளாக இருக்க முடியாது. அது தன் வேலையைச் செய்கிறதா, அணிந்தவரின் உடம்பைக் காக்கிறதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நம் ஊரில் அந்தக் கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதே இல்லை.

வட தமிழகத்துத் தெருக்கூத்தின் கட்டை வேஷத்தை நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். துரியோதனனோ கர்ணனோ கட்டுகிறவர் முதலில் முகம் எழுதிக்கொள்கிறார். அரிதாரம், செந்தூரம், வெள்ளை, மை ஆகியவற்றைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசி, புருவத்தையும் மீசையையும் இயல்பான அளவைவிடப் பெரிதாக இழுத்துவிடுகிறார். காலில் சலங்கை ஏறுகிறது. முழுக்கால் சட்டைக்கு மேலே, இடுப்பில் துணிமேல் துணியாகச் சேர்த்துக் கட்டிய குட்டை உடுப்பு குடைபோல விரிந்து நிற்கிறது. மேலே முழுக்கைச் சட்டை. அதற்குப் பிறகுதான் கட்டைகள் வருகின்றன: தோளில் புஜகீர்த்தி, மார்பில் பதக்கம், காதையும் கன்னத்தையும் ஒட்டிய அணிகள், தலையில் கிரீடம் அல்லது சிகரெக்கு. கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கி, வண்ணத்தாளும் ஜிகினாவும் ஒட்டி, கண்ணாடித் துண்டுகள் பதித்த அணிகள் இவை. ஒவ்வொன்றையும் கயிறு கொண்டு உடம்போடு இறுக்க வேண்டும். கயிறு தளர்ந்தால் முதல் சுழற்சியிலேயே அணி பறந்துவிடும். அதிகம் இறுகினால் விடியும் வரை பாடுகிற நெஞ்சுக்கு மூச்சு போதாது. இந்த இறுக்கத்தின் அளவு தெரிந்த வாத்தியார் ஒருவர் செட்டில் (கூத்துக் குழுவில்) இருப்பதும் இல்லாததும் அந்த இரவின் ஆட்டத்தையே மாற்றிவிடும்.

இவ்வளவும் எதற்கு? தெருவில் கடைசி வரிசை என்று ஒன்று கிடையாது. கூட்டத்தின் பின்பகுதி வீட்டுத் திண்ணையிலும் மாட்டுவண்டி மேலும் மொட்டைமாடியிலும் இருக்கிறது. அரங்கத்தில் ஆடுகிறவர் விரல் நுனியிலும் கண்ணோரத்திலும் காட்டுகிற நுட்பம் அந்தத் தூரத்தில் கரைந்துவிடும். அதனால் கூத்து விரல் முத்திரைகளை அதிகம் நம்பவில்லை. காலடியையும் சுழற்சியையும் குரலையும் நம்புகிறது. புஜகீர்த்தி தோளை அகலமாக்குகிறது, கிரீடம் உயரம் கூட்டுகிறது, உடுப்பு இடுப்பை விரிக்கிறது. சராசரி உயரமுள்ள, பகலில் தக்காளித் தோட்டத்தில் வேலை செய்த ஒரு மனிதரின் உருவக்கோடு, இரவில் அரசனின் உருவக்கோடாகிவிடுகிறது. அவர் சுழலும்போது உடுப்பு முழுவதுமாக விரிந்து, ஒரு மனிதன் சுழல்வதை ஒரு பெரிய வட்டம் சுழல்வதாகக் காட்டுகிறது. திரைப் பிரவேசத்தையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டு பேர் பிடித்திருக்கும் துணிக்குப் பின்னால் நின்று வேஷக்காரர் பாடுகிறார். திரைக்கு மேலே கிரீடத்தின் முனையும் திரைக்குக் கீழே சலங்கைக் காலும் மட்டும் தெரிகின்றன. மீதியைக் கூட்டம் தானே கற்பனை செய்துகொண்டு காத்திருக்கிறது. முகம் தெரிவதற்கு முன்பே உடை பேசத் தொடங்கிவிடுகிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

வெளிச்சம் இந்த உடையில் இட்ட கையெழுத்து இன்னும் தெளிவானது. தீவட்டியும் எண்ணெய்ப் பந்தமும் ஆடி அசைகிற மஞ்சள் ஒளி தருபவை. அந்த ஒளியில் அரிதாரத்தின் மஞ்சளும் செந்தூரத்தின் சிவப்பும் கனன்று நிற்கும். கண்ணாடித் துண்டுகள் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு பொறியைத் தெறிக்கவிடும். உண்மைத் தங்கம் போட்டிருந்தாலும் அந்த விளைவு கிடைக்காது. ஏழைக் கலைஞர்கள் தங்கத்துக்குப் பதிலாக ஜிகினா ஒட்டிக்கொண்டார்கள் என்று இரக்கத்தோடு சொல்பவர்கள் இந்தக் கணக்கைத் தவறவிடுகிறார்கள். அந்த வெளிச்சத்துக்கும் அந்தத் தூரத்துக்கும் கண்ணாடியும் ஜிகினாவும்தான் சரியான பொருள்கள். பிறகு காஸ்லைட் வந்தது, டியூப் லைட் வந்தது, இப்போது கம்பத்தில் ஏற்றிய எல்இடி விளக்குகள் வந்திருக்கின்றன. அசையாத, வெள்ளையான, எல்லாப் பக்கமும் சமமாக விழுகிற இந்த ஒளி நிழலை அழித்துவிடுகிறது. செதுக்கின் ஆழம் தட்டையாகத் தெரிகிறது. பழைய நிறங்கள் வெளிறுகின்றன. கலைஞர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. சமிக்கி தைத்த வெல்வெட்டும், பளிச்சென்ற செயற்கை நிறத் துணிகளும், கடையில் கிடைக்கும் முகப்பூச்சும் உள்ளே வந்தன. நகரத்து ரசிகர்கள் இதைக் கலையின் சரிவாகப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விளக்கு மாறியதற்கு உடை கொடுத்த பதில் அது. பதில் சில இடங்களில் தவறியிருக்கலாம், ஆனால் கேள்வி கலைஞர்கள் எழுப்பியது அல்ல.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். கூத்தின் உடை பரம்பரையாக வந்தது, புராணத்தில் நிலைத்த உருவங்களின் நகல். சூழலுக்கேற்ப மாறுவது நாகரிக உடைதானே, வேஷம் எப்படி மாறும் என்று கேட்கலாம். சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். கடலாடு காதை மாதவி ஆடிய பதினோரு ஆடல்களையும் சொல்லும்போது, ஒவ்வொன்றும் அதற்குரிய ஒப்பனையோடு ஆடப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. மரக்கால் கட்டி ஆடுவதும் அதில் உண்டு, குடம் கொண்டு ஆடுவதும் உண்டு, பேடியின் கோலம் பூண்டு ஆடுவதும் உண்டு. ஆட்டத்துக்கு ஆட்டம் உடை வேறாக வேண்டும் என்ற தெளிவு அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது. அடுத்து, கூத்து வேஷம் என்றென்றும் ஒரே மாதிரி இருந்ததென்ற எண்ணத்துக்கு ஆதாரம் குறைவு. கட்டைகள் செதுக்கிய பழைய வடிவத்தில் இருக்க, உள்ளே போடும் முழுக்கைச் சட்டையும் கால்சட்டையும் எந்தப் புராணத்திலும் இல்லாதவை. பார்சி நாடகக் குழுக்களும் நாடகக் கம்பெனிகளும் கொண்டுவந்த வெல்வெட்டும் சரிகையும், ரவிவர்மாவின் அச்சுப் படங்கள் வீட்டுக்கு வீடு பரப்பிய தெய்வ உருவங்களும், பிறகு சினிமாவும் தென்னிந்திய மேடைகளில் கண்ணனின் தோற்றத்தையும் திரௌபதியின் சேலைக்கட்டையும் மாற்றின. கூத்து அவற்றில் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது, வேண்டாததை விட்டது. கிரீடத்தை விடவில்லை, புஜகீர்த்தியை விடவில்லை. ஏனென்றால் உருவக்கோட்டைத் தாங்குபவை அவை. துணியின் வகையை மாற்றிக்கொண்டது. அது நிறத்தை மட்டும்தான் தாங்குகிறது. எது அசையக்கூடாது, எது அசையலாம் என்ற இந்தத் தேர்வில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கைத்தான் மரபு என்று நான் சொல்வேன்.

எல்லைப் பகுதி இந்த வாதத்துக்கு இன்னொரு சான்று தருகிறது. கர்நாடகத்தின் யக்ஷகானத்திலும் எடை குறைந்த மரத்தில் செதுக்கிப் பளபளப்பு ஒட்டிய தோளணியும் மார்பணியும் உண்டு. கேரளத்தின் கதகளியிலும் உண்டு. பழைய மைசூர்ப் பகுதியின் மூடலபாய ஆட்டத்துக்கும் நம் கூத்துக்கும் உள்ள குடும்பச் சாயலைப் பார்த்த உடனே சொல்லிவிடலாம். கோட்ட சிவராம காரந்த் யக்ஷகானத்தை ஊர் ஊராகத் தேடி ஆராய்ந்து எழுதிய நூலுக்கு 1959இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அப்படி ஓர் ஆய்வு கன்னட வாசகர்களுக்கு அந்த ஆட்டத்தின் உடையையும் நிறத்தையும் பேசத்தகுந்த பொருளாக்கியது. தமிழில் ந. முத்துசாமியின் எழுத்தும், புரிசை கண்ணப்பத் தம்பிரானின் ஆட்டமும் நகர வாசகரைக் கூத்தின் பக்கம் திருப்பின. ஆனாலும் உடையைப் பற்றிய பேச்சு பாட்டையும் கதையையும் பற்றிய பேச்சுக்குப் பின்னால்தான் நின்றது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரிப் பக்கத்து ஊர்களில் இது பெரிய குறை. தமிழ்ப் பாட்டின் சொல் முழுவதும் பிடிபடாத தெலுங்குக் குடும்பத்துப் பாட்டிக்கும், கிரீடத்தின் உயரத்தையும் சிவந்த முகத்தையும் பார்த்த கணத்தில் துரியோதனன் வந்துவிட்டான் என்று தெரியும். இத்தனை மொழிக்காரர்களுக்கும் படிக்கத் தெரிந்த ஒரே எழுத்து இந்த உடை. சொல்லை மொழிபெயர்க்க ஒருவர் வேண்டும். புஜகீர்த்தியை மொழிபெயர்க்க யாரும் வேண்டாம்.

இதே பகுதி என் வாதத்துக்குத் தடையாகவும் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அது கரகம். பெங்களூரு திகளர்பேட்டையில் உள்ள தர்மராய சுவாமி கோயிலிலிருந்து சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் கிளம்பும் கரகம் உலகறிந்தது. ஆனேக்கல், மாலூர், கோலார் என்று எல்லையோர ஊர்களிலும் கரகத் திருவிழா உண்டு. கரகம் சுமக்கும் பூசாரி ஆண். அந்த இரவில் அவர் திரௌபதி. மஞ்சள் கலந்த காவி நிறச் சேலை, கையில் வளையல், கழுத்தில் தாலி, நெற்றியில் குங்குமம், தலையில் மல்லிகைச் சரங்களால் மூடிய கரகம். சுற்றிலும் வெற்று மார்பும் வேட்டியும் தலைப்பாகையுமாக, உருவிய வாளோடு வீரகுமாரர்கள். கரகத்தைக் கையால் தொடாமல், தலையின் சமநிலையிலேயே தெருத்தெருவாகச் சுமந்து, காட்டன்பேட்டையில் உள்ள தவக்கல் மஸ்தான் தர்காவிலும் நின்று போகிறார். இந்த உடையைத் தூரத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்பத் தைத்தது என்று எப்படிச் சொல்வது? இது பார்ப்பவர்களுக்கான உடையே அல்ல, விரதத்துக்கான உடை. பார்க்க ஒருவர்கூட இல்லாவிட்டாலும் அவர் அதைத்தான் உடுத்துவார். நேர்மையாகச் சொன்னால் இந்த மறுப்பில் பாதியை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். சேலையையும் வளையலையும் தாலியையும் கொடுத்தது வழிபாடு. தெருவுக்கு அதில் பங்கில்லை. ஆனால் மறுபாதியைப் பாருங்கள். நடு இரவுக்குப் பிறகு நெருக்கடியான பேட்டைத் தெருக்களில் நகரும் ஓர் உருவத்தை ஆயிரக்கணக்கானவர்கள் அடையாளம் காண வேண்டும். நிலவிலும் தெரிகிற வெள்ளை மல்லிகை, எல்லாத் தலைகளுக்கும் மேலே எழும் கரகத்தின் உயரம், வாள் ஏந்திய வெற்று மார்புகளின் வளையம், அந்த வளையத்துக்கு நடுவே ஒரே ஒரு காவிச் சேலை. விரதம் தேர்ந்த உடையைத் தெரு தனக்கேற்றபடி அடுக்கி வைத்திருக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று பகையில்லை.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் மகாபாரதத் திருவிழாக்களில் விரதமும் தெருவும் ஒரே இரவில் சந்திக்கும் இடம் துகிலுரிதல். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, நாளடைவில் அர்ச்சுனன் தபசு, கடைசியில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தோடு படுகளம் என்று நகரும் அந்தத் திருவிழாவில், ஓர் இரவின் கதையே ஒரு துணியைப் பற்றியது. திரௌபதி வேஷம் கட்டியவர் பெரும்பாலும் ஆண். துச்சாதனன் முந்தானையைப் பற்றி இழுப்பதுவரைதான் ஆட்டம் போகும். அந்தக் கட்டத்தில் கற்பூரம் ஏற்றுவார்கள், துச்சாதனன் வேஷக்காரர் திரௌபதித் தாயிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார், அருள் வந்து விழுபவர்களும் உண்டு. ஆல்ஃப் ஹில்டபைட்டலும் ரிச்சர்ட் ஃப்ராஸ்காவும் திரௌபதி வழிபாட்டையும் கூத்தையும் ஆராய்ந்தபோது, இந்த இரவில் நடிப்புக்கும் சடங்குக்கும் இடையில் கோடு போட முடியாததைக் கவனித்தார்கள். உடையைக் குறித்த என் வாதத்துக்கு இதிலிருந்து கிடைப்பது இது: தெரு ஆட்டத்தில் ஒரு சேலை கதாபாத்திரமாகவே நிற்க முடியும். அந்தச் சேலையை ஒப்பனைப் பெட்டியில் கிடக்கும் ஒரு பொருளாக மட்டும் பார்த்தால், கூட்டம் ஏன் அழுகிறது என்பது பிடிபடாது. ஒரு பெண்ணின் உடையைக் கூட்டத்தின் நடுவே இழுப்பது குற்றம் என்பதை ஆண்டுதோறும் ஊரே கூடி நின்று பார்க்கிறது.

அதே ஊர்களில், வேறொரு திருவிழா இரவில், பெண் ஆட்டக்காரரின் உடை வேறுவிதமாகப் பேசப்படுகிறது. ஆட்டக்கரகத்தில் பாவாடை குட்டையாகிக்கொண்டே வந்ததையும், சாட்டினும் சமிக்கியும் உடம்பை ஒட்டிய காலுறையும் வந்ததையும் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். 1989இல் வெளிவந்த கரகாட்டக்காரன் அந்தக் கலைக்குப் பெரும் புகழையும் சினிமாவின் எதிர்பார்ப்பையும் ஒன்றாகவே கொடுத்தது. அதன்பின் ‘ஆடல் பாடல்’ நிகழ்ச்சிகள் வந்தன. அனுமதி கேட்டு நீதிமன்றம் வரை போவதும், ஆபாச உடை கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு அனுமதி கிடைப்பதும் வழக்கமாகிவிட்டன. இந்த நிபந்தனைகளில் ஒரு நியாயம் இருக்கிறது என்று வாதிடுபவர்களை நான் அலட்சியப்படுத்தவில்லை. குழந்தைகளும் நிற்கும் பொது இடம் தெரு. அங்கே எல்லாம் செல்லும் என்று யாரும் சொல்ல முடியாது. உடை அடுத்தவரைக் காயப்படுத்தவும் முடியும். குறவன் குறத்தி ஆட்டம் என்ற பெயரில் ஒரு சமூகத்தின் கோலத்தைக் கேலிப்பொருளாக்கி ஆடியதற்கு எதிராக அந்தச் சமூகத்தினர் போராடி, 2023இல் அரசு அந்த ஆட்டத்தைக் கலைப் பட்டியலிலிருந்து நீக்கியது சரியான முடிவுதான். ஆனால் ஆட்டக்காரப் பெண்ணின் பாவாடை அளவு அவராகத் தேர்ந்ததா? எந்த உடையில் ஆட வேண்டும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது முன்பணம் கொடுத்தவரும், விசில் அடிக்கும் முன்வரிசையும், அடுத்த ஊரில் இதைவிடக் குறைவான உடையில் ஆட ஆள் இருக்கிறது என்ற பேச்சும். தலையில் கரகத்தோடு, கையால் தொடாமல், ஏணி மேலும் தாம்பாள விளிம்பின் மேலும் நிற்கிற திறமைக்குக் கூலி உயராதபோது, உடையின் மேல் விலை ஏறுகிறது. நிபந்தனை எழுதும் தாள் ஆட்டக்காரரை நோக்கி நீள்கிறது. அமர்த்தியவரை நோக்கி நீள்வதில்லை. இது எனக்குக் கோபம் தரும் விஷயம், அதை மறைக்க விரும்பவில்லை.

பெண்ணின் உடையைப் பற்றிய இன்னொரு பழைய வாதத்தை நடைமுறையே முறித்துப்போட்டது. கட்டை வேஷம் கனமானது, இரவு முழுவதும் அதைச் சுமந்து ஆடப் பெண்ணால் முடியாது என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். காஞ்சிபுரம் அருகே பெ. இராஜகோபாலும் ஹன்னா டி பிரைனும் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளோடு சேர்ந்து படித்து, கட்டை வேஷமே கட்டி ஆடினார்கள். உடையைக் கட்டும் முறையையும் அதன் எடை உடம்பில் எங்கே இறங்குகிறது என்பதையும் கற்றுக்கொண்டால் அதை யாரும் சுமக்கலாம் என்பதை அவர்கள் ஆடியே காட்டினார்கள். தடையாக இருந்தது எடை அன்று; கற்றுக்கொடுக்க மறுத்த வழக்கம்.

இன்றைய இளைஞரின் தெரு நடனத்துக்கு வருவோம். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்லூரி விழாக்களிலும் கோயில் மேடைகளிலும் ஆடும் பையன்களின் தொளதொளத்த கால்சட்டையையும் தொப்பியையும் ஷூவையும் பார்த்து, வெளிநாட்டுக் காப்பி என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுவது எளிது. அந்த உடையின் பிறப்பைப் பார்த்தால் அது கட்டை வேஷத்தின் தூரத்து உறவு என்று தெரியும். 1970களின் நியூயார்க் பிராங்க்ஸ் தெருக்களில், அட்டையையும் லினோலியத்தையும் விரித்து ஆடிய பிரேக்கிங் ஆட்டக்காரர்கள் வழுக்கிச் சுழலத் தோதான நைலான் மேலங்கியையும், பிடிப்பும் நெகிழ்வும் உள்ள பூமா, அடிடாஸ் காலணிகளையும் தேர்ந்தார்கள். தலையால் சுழல்பவருக்கு இறுக்கமான தொப்பி, தோளில் உருள்பவருக்கு வழவழப்பான துணி. லாஸ் ஏஞ்சல்ஸில் டான் கேம்பெல் உருவாக்கிய லாக்கிங் ஆட்டத்தில் கோடுபோட்ட நீளக் காலுறைகளும் வெள்ளைக் கையுறைகளும் வந்தன. கால் நிற்கும் கணமும் கை திரும்பும் கணமும் தூரத்துக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் காரணம். மைக்கேல் ஜாக்சன் 1983இல் அந்தப் புகழ்பெற்ற பின்னோக்கிய நடையை ஆடியபோது குட்டையான கறுப்புக் கால்சட்டைக்குக் கீழே மின்னும் வெள்ளைக் காலுறை அணிந்திருந்தார். பாதத்தைப் பார்க்க வைத்தது அந்தக் காலுறை. அந்த அலையைத் தமிழ்த் தெருவுக்குக் கொண்டுவந்தது சினிமா. 1993இல் ஜென்டில்மேன் படத்துக்காக ஆடிய பிரபுதேவாவின் தளர்ந்த கால்சட்டையைப் பார்த்து ஊர் ஊராகத் தையற்காரர்களிடம் அளவு கொடுத்தார்கள். எலும்பில்லாதது போல வளையும் காலசைவைத் தளர்ந்த துணி இரண்டு மடங்காக்கிக் காட்டும். கூத்தின் விரிந்த உடுப்பு சுழற்சிக்குச் செய்யும் வேலையைத்தான் இந்தத் துணி அசைவுக்குச் செய்கிறது.

உடை பேசுகிறது என்பதை உலகம் மிகக் கறாராக ஒப்புக்கொண்ட நாள் ஒன்று உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் முதன்முறையாகப் போட்டியாக நடந்தது. அகதிகள் அணியில் ஆடிய ஆப்கானியப் பெண் மணிழா தலாஷ், ஆப்கன் பெண்களுக்கு விடுதலை வேண்டும் என்ற வாசகம் எழுதிய மேலங்கியை விரித்துக் காட்டியதற்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். அவர் எப்படி ஆடினார் என்பதைக் காட்டிலும் எதை அணிந்தார் என்பது தீர்ப்பானது. அரசியல் வாசகத்துக்கு இடமில்லை என்ற விதியைக் காட்டினார்கள். விதி இருக்கட்டும். தெருவில் பிறந்த ஓர் ஆட்டத்தை அரங்கத்துக்கு அழைத்துக்கொண்டு, தெருவின் பேச்சை மட்டும் வாசலிலேயே கழற்றி வைக்கச் சொன்னால், அங்கே ஆடப்படுவது பாதி ஆட்டம்தான்.

உத்தனப்பள்ளி வட்டாரத்தில் தூரமும் வெளிச்சமும் தரையும் வேகமாக மாறிக்கொண்டிருக்கின்றன. ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்து அரை நூற்றாண்டு ஆகிறது. ஆலைகள் இப்போது நாகமங்கலம் பக்கம்வரை நீண்டுவிட்டன. 2023இல் உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் விவசாயிகள் நிலம் எடுப்பதை எதிர்த்து நீண்ட போராட்டம் நடத்தினார்கள். ஷிப்டு முறையில் வேலைக்குப் போகிறவர் விடிய விடிய உட்கார்ந்து கூத்துப் பார்க்க முடியாது. அதனால் எட்டு மணி நேர ஆட்டம் சுருங்குகிறது. ஆட்டம் சுருங்கினால் வேஷம் கட்ட எடுக்கும் நேரம் மிகையாகத் தெரியத் தொடங்கும். மரக்கட்டைக்குப் பதில் சட்டென்று மாட்டிக்கொள்ளும் அட்டையும் ஸ்பாஞ்சும் பிளாஸ்டிக்கும் நுழைவது இதனால்தான். இதில் எனக்கு இருக்கும் கவலை மரபைப் பற்றியதைவிட உடம்பைப் பற்றியது. செயற்கைத் துணி வேர்வையை உறிஞ்சாது. கோடை இரவில், அடுக்கடுக்கான உடைக்குள், எண்ணெய் குழைத்த பூச்சுக்கு அடியில், ஒரு மனிதர் மணிக்கணக்கில் சுழல்கிறார். பெங்களூரு சிக்பேட்டையிலோ நகரத்பேட்டையிலோ மொத்த விலையில் மலிவாகக் கிடைக்கும் மின்னும் துணி, பார்ப்பவர் கண்ணுக்கு நிறைவாக இருந்தாலும், போட்டவர் தோலுக்குப் பகை. உள்ளே பருத்தி, மேலே மினுக்கு என்ற எளிய ஏற்பாடு பழைய உடுப்பில் இருந்தது. இப்போதைய தைப்பில் அந்த உள்ளடுக்குதான் செலவைக் குறைக்க முதலில் கைவிடப்படுகிறது.

பணம் இல்லாமல் இதைப் பேசிப் பயனில்லை. 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் வந்தது. இயல் இசை நாடக மன்றம் வழியாக, இசைக்கருவியும் ஆடை அணிகலனும் வாங்கக் கிராமியக் கலைஞர்களுக்குத் தலா 10,000 ரூபாய் உதவி கொடுக்கப்படுகிறது. உடையும் தொழிற்கருவி என்பதை அரசு ஏற்றுக்கொண்டதற்கு இது அடையாளம், வரவேற்க வேண்டியது. ஆனால் தனி ஆளுக்குக் கொடுக்கும் தொகை, கூட்டாக வைத்திருக்க வேண்டிய பொருளுக்குப் பொருந்துவதில்லை. ஒரு செட்டின் கட்டைகள் செட்டுக்கே உரியவை. கிரீடம் ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாறுகிறது. செட்டின் பெயரில் உதவி கொடுத்தால் மரத்தில் செதுக்கத் தெரிந்தவருக்கு வேலை கிடைக்கும், கடை பிளாஸ்டிக்குக்குப் பணம் போகாது. கலை வளர்க்க நிதி ஒதுக்கும் ஆலைகள் ஒரு கூத்து இரவுக்குப் பந்தல் போட்டுப் பெயர்ப் பலகை வைப்பதற்குப் பதிலாக, ஒரு செட்டின் முழு உடுப்பையும் பருத்தி உள்ளடுக்கோடு தைத்துக் கொடுக்கலாம். விழாக் கமிட்டி விளக்குக்காரரிடம் மஞ்சள் ஒளி விளக்கு இரண்டைச் சேர்க்கச் சொன்னால், கண்ணாடித் துண்டுகள் மறுபடி வேலை செய்யும். அதற்குச் செலவு மிகக் குறைவு.

எல்லாவற்றையும்விட அவசரமான தேவை ஒன்று இருக்கிறது. தெருவில் ஆடுகிறவருக்கு உடை மாற்ற இடம் கிடையாது. ஆண் கலைஞர்கள் கோயில் மறைவில், பள்ளித் தாழ்வாரத்தில், லாரியின் பின்புறத்தில் வேஷம் கட்டுகிறார்கள். கரகாட்டப் பெண்களும் ஆடல் பாடல் பெண்களும் வந்த வேனுக்குள்ளேயே, கண்ணாடிக்குத் துண்டைக் கட்டிவிட்டு உடை மாற்றுகிறார்கள். உடையின் அளவுக்கு நிபந்தனை எழுதும் அதே அனுமதித் தாளில், பூட்டுள்ள ஓர் அறையும், தண்ணீரும், ஒரு கண்ணாடியும், கழிப்பறையும் ஏற்பாடு செய்யும் பொறுப்பை அழைத்தவர் மேல் எழுதலாம். கிராமங்களில் சமுதாயக் கூடங்கள் இருக்கின்றன. திருவிழா இரவுகளில் அவற்றின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை விழாவுக்கு ஒரு வாரம் முன்பே கேட்டு வைத்துக்கொண்டால் போதும்.